வடக்கு எந்தப் பக்கம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாமல் நிற்கும் வாசகர் ஒருவருக்குப் போன இதழில் இரண்டே வரியில் பதில் போட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு வழி தவறுகிறவர்களும், வழி தவறுகிறவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் வரிசைகட்டி எழுதிவிட்டார்கள். ஆகவே இந்த மாதம் முழுக்க இதே சமாச்சாரம்தான். சமையல், ஜாதகம், வங்கிக் கடன் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

"மூளைக்குள்ளேயே மேப் இருக்கிறது என்று எங்கோ படித்தேன். நிஜமாகவே இருக்கிறதா, இல்லை ஒரு பேச்சுக்குச் சொல்கிறார்களா?" – கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பேச்சாகத்தான் ஆரம்பித்தது. 1948-இல் எட்வர்ட் டால்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். சந்துபொந்தாகக் கட்டிய பாதையில் ஓடவிட்ட எலிகள் 'இங்கே இடது, அப்புறம் வலது' என்று மனப்பாடம் மட்டும் செய்துகொண்டு ஓடுவதில்லை, பழகிய வழியை அடைத்துவிட்டால் இரை இருக்கும் திசையாகப் பார்த்து வேறு வழி பிடிக்கின்றன, அப்படியானால் அவற்றின் தலைக்குள் இடத்தைப் பற்றிய வரைபடம் போல ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். அந்தக் காலத்து உளவியலாளர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. எலியின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பேசுவதே அறிவியல் இல்லை என்று நினைத்த காலம் அது.

சரி, அது எங்கே இருக்கிறது? 1971-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஜான் ஓகீஃப் என்பவர் தன் மாணவருடன் சேர்ந்து எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் முடி போன்ற கம்பியை இறக்கி, ஒவ்வொரு நரம்புச் செல்லாகக் கேட்டுப் பார்த்தார். நமக்கும் ஹிப்போகாம்பஸ் உண்டு. காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்று, நான்கைந்து சென்டிமீட்டர் நீளம். எலி தன்பாட்டுக்குத் திரிகிறது, செல் பேசாமல் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வந்ததும் படபடவென்று துடிக்கிறது, அங்கிருந்து நகர்ந்தால் மறுபடி மௌனம். பக்கத்துச் செல்லுக்கு வேறொரு இடம். இவற்றுக்கு இடச் செல்கள் என்று பெயர். 1984-இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் ராங்க், தலை ஒரு திசையைப் பார்க்கும்போது மட்டும் துடிக்கிற செல்களைக் கண்டுபிடித்தார். எலி எங்கே நிற்கிறது என்பது இவற்றுக்குப் பொருட்டே இல்லை.

2005-இல் நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் நகரத்திலிருந்து வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் என்ற தம்பதி, ஹிப்போகாம்பஸுக்கு வாசல் போல அமைந்திருக்கும் எண்டோரைனல் கார்டெக்ஸில் இருக்கும் செல்களைக் கவனித்தார்கள். இங்கே ஒரே செல் பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களையெல்லாம் தரையில் குறித்துப் பார்த்தால், ஊடுபுள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைக்கிறோமே, ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழும்படி, அச்சு அசலாக அந்த அமைப்பு! அறையில் அப்படி எந்தப் புள்ளியும் கிடையாது. எலியின் மூளையே வைத்துக்கொள்ளும் புள்ளிகள் அவை. விளக்கை அணைத்தாலும் அந்த அமைப்பு கலைவதில்லை. எத்தனை அடி வைத்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று உடம்பிலிருந்து வரும் கணக்கை வைத்தே ஓரளவு ஓட்டிவிடுகிறது. 2014-ஆம் ஆண்டு மருத்துவ நோபலில் பாதி ஓகீஃபுக்கு, மீதிப் பாதி மோசர் தம்பதிக்கு.

இதெல்லாம் எலிக்குத்தானே என்பீர்கள். மனிதர் தலையில் சும்மா கம்பி இறக்க முடியாது. ஆனால் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளிகளுக்கு, வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க அறுவை சிகிச்சைக்கு முன் சில நாள் கம்பி வைப்பார்கள். அப்படிப் படுக்கையில் இருந்தவர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைக் கொடுத்தது கலிஃபோர்னியாவில் இட்ஸாக் ஃப்ரீட் இருந்த குழு. கற்பனை ஊர் ஒன்றில் டாக்ஸி ஓட்டி, ஆட்களை ஏற்றிக் கடைகளில் இறக்கிவிட வேண்டும். 2003-இல் முடிவு வந்தது. மனிதர் ஹிப்போகாம்பஸிலும் இடச் செல்கள் உண்டு. அதற்கு அக்கம்பக்கத்துப் பகுதியில், ஒரு கடை கண்ணில் பட்டால் துடிக்கிற செல்களும் இருந்தன.

ஒரே ஒரு எச்சரிக்கை. மேப் என்றதும் காகிதத்தை விரித்த மாதிரி கற்பனை செய்ய வேண்டாம். பக்கத்து பக்கத்து இடச் செல்கள் பக்கத்து பக்கத்து இடங்களைக் குறிப்பதில்லை. வேறு அறைக்குப் போனால் அதே செல் வேறு இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அல்லது அந்த அறையில் வாயே திறக்காது.

"லண்டன் டாக்ஸி டிரைவர்களுக்கு மூளை பெரிசு என்கிறார்களே, இருபது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன், எனக்கும் பெரிசாகி இருக்குமா?" – ஆட்டோ ஓட்டுநர், திருநெல்வேலி

மொத்த மூளையும் பெரிதாகவில்லை அண்ணே, ஹிப்போகாம்பஸின் பின்பக்கம் மட்டும். கறுப்பு டாக்ஸி ஓட்ட லைசென்ஸ் வேண்டுமானால் லண்டனில் 'தி நாலெட்ஜ்' என்ற தேர்வு எழுத வேண்டும், இல்லை, வாயால் ஒப்பிக்க வேண்டும். 1865-இல் இருந்து நடக்கிறது. சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் சுமார் 25,000 தெருக்கள், வழியில் வரும் ஆஸ்பத்திரி, ஹோட்டல், நாடகக் கொட்டகை எல்லாம் தலைக்குள் ஏற வேண்டும். புத்தகத்தில் 320 வழிகள். முதல் வழி மேனர் ஹவுஸ் ஸ்டேஷனிலிருந்து கிப்சன் சதுக்கம் வரை. மொபெட்டின் ஹேண்டில்பாரில் அட்டை மாட்டி, அதில் மேப்பைக் கிளிப் போட்டுக்கொண்டு மழையில் நனைந்தபடி ஊரைச் சுற்றுவார்கள். தேர்வாளர் இரண்டு இடங்களைச் சொல்வார், இவர் கண்ணை மேலே செருகிக்கொண்டு எந்தத் தெரு, எங்கே இடது, எங்கே வலது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மூன்று நான்கு வருஷம் ஆகும். பாதியில் விட்டவர்கள் ஏராளம்.

இவர்களில் 16 பேரை 2000-இல் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தவர் எலினார் மக்வயர், அயர்லாந்துக்காரர். டாக்ஸி ஓட்டாதவர்களோடு ஒப்பிட்டால் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது, சர்வீஸ் கூடக்கூட அளவும் கூடியது. அதெல்லாம் சரி, பெரிய ஹிப்போகாம்பஸ் உள்ளவன்தான் டாக்ஸி ஓட்ட வருகிறானோ என்று சந்தேகம் வருமில்லையா? அதற்கும் பதில் தேடினார்கள். தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த 79 பேரை ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, வருஷங்கள் கழித்து மறுபடி எடுத்தார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் ஒன்று போலத்தான் இருந்தார்கள். பாஸ் ஆன 39 பேருக்கு மட்டும் வளர்ந்திருந்தது. 2011-இல் வந்த இந்த ஆய்வுதான் வழக்கை முடித்து வைத்தது என்பேன்.

உங்களுக்கு விஷயமே இனிமேல்தான். அதே லண்டனில், அதே நெரிசலில், அதே திட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வளர்ச்சி இல்லை. ஏனென்றால் அவர்கள் போவது போட்டுக் கொடுத்த ரூட். ஆகவே நீங்கள் ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் மட்டும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறீர்களா, இல்லை பாளையங்கோட்டைச் சந்தெல்லாம் அத்துப்படியா என்பதைப் பொறுத்தது. இதில் செலவும் உண்டு. டாக்ஸிக்காரர்களுக்கு ஹிப்போகாம்பஸின் முன்பகுதி கொஞ்சம் சிறுத்திருந்தது. சிக்கலான படம் ஒன்றைக் காட்டிவிட்டுச் சற்று நேரம் கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னால் மற்றவர்களைவிடத் திணறினார்கள்.

அதே குழு ஆராய்ந்த இன்னொருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டி.டி. என்று மட்டும் குறிப்பிடுகிறார்கள். லண்டனில் ஏறத்தாழ நாற்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவர், மூளை அழற்சியில் இரண்டு பக்க ஹிப்போகாம்பஸும் பழுதானது. பிளே ஸ்டேஷன் விளையாட்டு ஒன்றில் லண்டன் தெருக்கள் அப்படியே இருந்ததால் அதில் அவரை ஓட்டச் சொன்னார்கள். பெரிய சாலைகளில் தடங்கல் இல்லாமல் போனார், சின்னத் தெருவுக்குள் நுழைய வேண்டி வந்ததும் தொலைந்து போனார்.

2024 டிசம்பரில் வந்த செய்தி உங்கள் காதில் விழுந்திருக்கலாம். அமெரிக்காவில் இறந்த கிட்டத்தட்ட 90 லட்சம் பேரின் சான்றிதழ்களைத் தொழில்வாரியாகப் பார்த்ததில், அல்சைமர் காரணமாக இறந்தவர்கள் டாக்ஸி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடையே மிகக் குறைவு, சுமார் ஒரு சதவீதம். எல்லோரையும் சேர்த்தால் நான்கு சதவீதத்தை ஒட்டி வருகிறது. பஸ் ஓட்டுநர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. இதை வைத்து ஆட்டோ ஓட்டினால் ஞாபக மறதி வராது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். வழி மறக்க ஆரம்பித்தவர் இந்தத் தொழிலில் நீடிக்கவே மாட்டார் என்பதாலும் எண்ணிக்கை குறையலாம்.

"வழி கண்டுபிடிக்கிற உறுப்பும் ஞாபகம் வைக்கிற உறுப்பும் ஒன்று என்று எங்கள் சார் சொன்னார். எப்படி? அப்படியானால் அதைப் பரீட்சைக்குப் பயன்படுத்த முடியுமா?" – பிளஸ் டூ மாணவர், புதுச்சேரி

உங்கள் சார் சொன்னது சரி. 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் 27 வயது இளைஞர் ஒருவருக்குக் கடும் வலிப்பை நிறுத்த வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவர் மனதில் நிற்கவில்லை. தன்னைப் பரிசோதிக்க வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்த பிரெண்டா மில்னரை ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் சந்தித்தார். எச்.எம். என்று பாடப்புத்தகங்களில் வருபவர் இவர்தான். ஹென்றி மொலைசன் என்ற முழுப் பெயர் 2008-இல் அவர் இறந்த பிறகே வெளியே வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அறுவை சிகிச்சைக்கு அப்புறம் குடிபோய் நெடுங்காலம் வாழ்ந்த வீட்டின் அறைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று அவரால் படம் போட முடிந்தது. தினமும் நடந்து நடந்து எப்படியோ படிந்திருக்கிறது, மூளையில் மற்ற பகுதிகளும் இந்த வேலையில் கை கொடுக்கின்றன.

ஏன் இரண்டும் ஒரே இடத்தில்? நடந்த எதையும் நினைத்துப் பாருங்கள், அது எங்கோ ஓர் இடத்தில் நடந்திருக்கும். இடத்தைப் பிடித்தால் ஆட்கள் வருவார்கள், பேச்சு வரும். எலிகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பகலில் ஓடியபோது ஒன்றாகத் துடித்த இடச் செல்கள், எலி தூங்கும்போது மறுபடி சேர்ந்தே துடிக்கின்றன என்று 1994-இல் மாத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் காட்டினார்கள். கனவில் ஓடுகிறதோ என்னவோ! படித்துவிட்டுத் தூங்கு என்று அம்மா சொன்னால் எதிர்த்துப் பேசாதே தம்பி.

பரீட்சைக்கு வருவோம். பழைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் செய்த வித்தை இது. தெரிந்த வீடு ஒன்றை மனதுக்குள் சுற்றிவந்து, வாசற்படியில் ஒன்று, செருப்பு ஸ்டாண்டில் ஒன்று, தண்ணீர்ப் பானையில் ஒன்று என்று சொல்ல வேண்டியவற்றை வைத்துவிட்டு, மேடையில் அதே வரிசையில் நடந்து எடுத்துக்கொள்வார்கள். உலக அளவில் நினைவாற்றல் போட்டிகளில் ஜெயிக்கிறவர்களை மக்வயர் 2003-இல் ஆராய்ந்தார். மூளையின் அமைப்பில் விசேஷம் எதுவும் இல்லை, புத்திசாலித்தனமும் மற்றவர்கள் அளவுதான், பத்துப் பேரில் ஒன்பது பேர் இந்த வித்தையைப் பயன்படுத்தினார்கள். 2017-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டின் டிரெஸ்லர் குழு சாதாரண ஆட்களுக்கு 40 நாள், தினம் அரை மணி நேரம் இதைப் பழக்கியது. 72 சொற்கள் கொண்ட பட்டியலில் முன்னால் சொன்னதைவிட சராசரியாக 35 சொற்கள் கூடுதலாகச் சொன்னார்கள். தனிம வரிசை, முகலாய மன்னர்கள் மாதிரி பட்டியல்களுக்கு நன்றாக வேலை செய்யும். கால்குலஸைத் திண்ணையில் வைத்துப் பயனில்லை, அதைப் புரிந்துகொண்டுதான் ஆக வேண்டும்.

"ஹாலிலிருந்து சமையலறைக்குப் போனதும் எதற்கு வந்தேன் என்பது மறந்துபோகிறது. வயதாகிவிட்டதா?" – இல்லத்தரசி, ஈரோடு

இல்லை. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் ராட்வன்ஸ்கி இதை இளம் மாணவர்களிடமே சோதித்திருக்கிறார். அறைக்குள்ளேயே நடந்தவர்களைவிட, அதே தூரத்தை ஒரு கதவைத் தாண்டி நடந்தவர்கள் கூடுதலாக மறந்தார்கள். புது அறை வந்ததும் மூளை பழைய கணக்கை மூடிவைத்துப் புதிதாகத் தொடங்குகிறது என்பது அவர் விளக்கம். ஆஸ்திரேலியாவில் 2021-இல் திரும்பச் செய்து பார்த்தபோது அவ்வளவு அழுத்தமாக வரவில்லை, மண்டையில் ஏற்கெனவே நாலு வேலை ஓடிக்கொண்டிருந்தால்தான் கதவு மறக்கடிக்கிறது என்று தெரிந்தது. உங்கள் மண்டையில் எத்தனை வேலை ஓடுகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். ஹாலுக்கே திரும்பிப் போய் நின்றால் ஞாபகம் வந்துவிடும் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

"கூகுள் மேப் இல்லாமல் ஆபீஸ் தவிர எங்கேயும் போக முடியவில்லை. மூளை மழுங்கிவிடுமா?" – மென்பொருள் பொறியாளர், சென்னை

மழுங்கிவிடும் என்று பயமுறுத்த மாட்டேன், வேலை செய்யாமல் சும்மா இருக்கிறது என்பது உண்மை. லண்டனில் ஹியூகோ ஸ்பையர்ஸ் குழு 24 பேரை சோஹோ பகுதித் தெருக்களில் நடக்கவைத்துப் பழக்கிவிட்டு, அடுத்து ஸ்கேனருக்குள் படுக்கவைத்து அதே தெருக்களின் படத்தை ஓட்டி, 'இப்போது எந்தப் பக்கம்?' என்று கேட்டது. தானே யோசித்துப் போகும்போது, புதுத் தெருவுக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் ஹிப்போகாம்பஸ் அந்தத் தெருவிலிருந்து எத்தனை வழி பிரிகிறது என்பதற்கு ஏற்ப ஏறி இறங்கியது. முட்டுச்சந்து வந்தால் சோர்ந்தது, ஏழு தெரு கூடும் செவன் டயல்ஸ் மாதிரி முனை என்றால் சுறுசுறுப்பு. வழி அடைபட்டு மாற்றுவழி தேட வேண்டி வந்தால் நெற்றிப் பக்கத்து மூளையும் களத்தில் இறங்கியது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எந்திரம் சொல்லிவிட்டபோதோ, இந்த ஏற்ற இறக்கம் எதுவுமே இல்லை. 2017-இல் வெளியான ஆய்வு.

மூளையில் இன்னொரு வழிமுறையும் இருக்கிறது. 'மெடிக்கல் ஷாப் வந்தால் இடது' என்று பழக்கமாகப் பதிவது, காடேட் என்ற வேறு பகுதியின் வேலை. தினசரி ஆபீஸுக்கு அதுவே போதும், அதுவும் வேகமாக இருக்கும், மேம்பாலம் கட்டி ரோட்டை அடைத்துவிட்டால்தான் கதை கந்தலாகும். மான்ட்ரியலில் வெரோனிக் போபோ 2020-இல் வெளியிட்ட ஆய்வில் ஜி.பி.எஸ்ஸை அதிகம் நம்பியவர்களின் இட நினைவு மூன்று வருஷத்தில் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் திரும்ப வந்து சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் 13 பேர்தான், அதை வைத்துப் பெரிய முடிவு கட்டக் கூடாது.

நான் என்ன சொல்வேன் என்றால், போகும்போது மேப் போட்டுப் போங்கள், திரும்பும்போது அணைத்துவிடுங்கள். கிளம்பும் முன் மொத்த வழியையும் ஒரு முறை விரித்துப் பாருங்கள். உங்களோடு சேர்ந்து படமும் சுழலும்படி வைக்காமல் வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். முதல் ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும்.

"பெண்களுக்கு வழியே தெரியாது என்று என் கணவர் ஓயாமல் கேலி செய்கிறார். விஞ்ஞானம் என்ன சொல்கிறது?" – வாசகி, சேலம்

கணவர் கையில் இதைக் கொடுங்கள். 2016-இல் 'சீ ஹீரோ க்வெஸ்ட்' என்று ஒரு மொபைல் விளையாட்டு விட்டார்கள். மேப்பை ஒரு தரம் காட்டி மறைத்துவிடுவார்கள், படகை ஓட்டிச் சொன்ன இடங்களுக்கு வரிசையாகப் போய்ச் சேர வேண்டும். உலகம் முழுக்க சுமார் 40 லட்சம் பேர் ஆடினார்கள். சராசரியில் ஆண்கள் கொஞ்சம் முன்னால் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் ஆண் பெண் சமத்துவம் உள்ள நாடுகளில் சுருங்கியும், இல்லாத நாடுகளில் விரிந்தும் இருந்தது. பெண்ணைத் தனியாக வெளியே அனுப்பாத ஊரில் அவளுக்கு வழி எப்படித் தெரியும்? அதே விளையாட்டை வைத்து 2022-இல் இன்னொன்றும் சொன்னார்கள். நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் பொதுவாக நன்றாக வழி கண்டார்கள். சிகாகோ மாதிரி நேர்க்கோட்டில் தெரு போட்ட ஊர்களில் வளர்ந்தவர்கள் கோணல்மாணலான பாதைகளில் தடுமாறினார்கள். உங்கள் கணவர் எந்த ஊரில் வளர்ந்தார்?

"எங்கள் பாட்டி 'அந்தச் சொம்பைக் கொஞ்சம் மேற்கே தள்ளி வை' என்பார். என் பிள்ளைகளுக்கு இடது வலது தவிர எதுவும் தெரியவில்லை. இதில் மூளைக்குச் சம்பந்தம் உண்டா?" – ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

உங்கள் ஊருக்கே வந்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள் ஐயா. 1990-களில் நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்திலிருந்து எரிக் பெடர்சன் மதுரை வட்டாரத்தில் தமிழ் பேசுகிறவர்களிடம் சோதனை நடத்தினார். அந்த நிறுவனம் பல மொழிகளிலும் செய்த சோதனை இது. மேஜையில் விலங்கு பொம்மைகள் வரிசையாக நிற்கும், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஆளை அப்படியே பின்பக்கம் திருப்பி இன்னொரு மேஜையில் 'அதே மாதிரி வையுங்கள்' என்பார்கள். முன்பு தன் வலது கையைப் பார்த்த மாட்டை இப்போதும் வலது கைப்பக்கம் பார்க்க வைப்பவர்கள் ஒரு ரகம். அது வடக்கே பார்த்தது, ஆகவே இப்போதும் வடக்கே பார்க்க வேண்டும், கை மாறினால் மாறட்டும் என்று வைப்பவர்கள் இன்னொரு ரகம். இரு தரப்பும் பேசுவது ஒரே தமிழ். ஆனால் திசை சொல்லிப் பேசும் கிராமத்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவது ரகமாகவும், இடது வலது சொல்லும் நகரத்தவர்கள் முதல் ரகமாகவும் பிரிந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் கூகு யிமிதிர் மொழி பேசும் பழங்குடி மக்களிடம் இடது வலது என்ற வழக்கமே இல்லை, எல்லாமே திசைதான். அப்படிப் பேச வேண்டுமானால் வீட்டுக்குள் இருந்தாலும் வண்டியில் போனாலும் திசைக் கணக்கு ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 'சொம்பு எங்கே' என்பதற்குக்கூடப் பதில் சொல்ல முடியாது. பாட்டி வாழ்நாள் முழுக்கச் செய்த பயிற்சி அதுதான். மதுரையில் பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவதும் சுலபம். மாசி வீதி என்றால் கீழ மாசியா, மேல மாசியா, வடக்கா, தெற்கா என்று கேட்காமல் யாரும் வழி சொல்வதில்லையே.

"அப்பாவுக்கு 74 வயது. தினமும் போகும் கோயிலிலிருந்து வீடு திரும்பத் தெரியாமல் போன மாதம் தெருமுனையில் நின்றுவிட்டார். ஆனால் சின்ன வயதில் இருந்த கிராமத்தைப் பற்றிக் கேட்டால் தெருத்தெருவாகச் சொல்கிறார். ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடலாமா?" – மகள், தஞ்சாவூர்

விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பழைய ஊர் ஞாபகம் இருப்பது நிம்மதிப்படும் அறிகுறி இல்லை.

சான் டியாகோவில் இ.பி. என்று ஆய்வுகளில் குறிப்பிடப்படும் முதியவர் ஒருவர் இருந்தார். வைரஸ் தொற்றில் இரண்டு ஹிப்போகாம்பஸும் அழிந்துபோனவர். அதற்குப் பிறகு குடிவந்த தெருவில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் விட்டு வந்த சிறுவயது ஊரைக் கேட்டால், இந்த வீட்டிலிருந்து அந்தக் கடைக்கு எப்படிப் போவது, நடுவே பிரதான சாலையை அடைத்துவிட்டால் எப்படிச் சுற்றுவது என்றெல்லாம் சரியாகச் சொன்னார், அதே ஊரில் வளர்ந்த மற்றவர்களுக்குக் கொஞ்சமும் குறையாமல். 1999-இல் இதை எழுதியவர்கள் டெங், ஸ்குவயர். நெடுநாள் ஆன வரைபடங்கள் மூளையின் வெளிப்பகுதிகளுக்குப் போய்த் தங்கிவிடுகின்றன என்பது இதிலிருந்து வந்த கருத்து. ஆட்டோ அண்ணனுக்குச் சொன்ன டி.டி.யின் கதை இதோடு முழுக்கப் பொருந்தவில்லை, ஆராய்ச்சியாளர்கள் இதில் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். உங்கள் அப்பா விஷயத்துக்கு இவ்வளவு போதும்.

அல்சைமர் நோயில் டௌ என்ற புரதச் சிக்கல் முதலில் படியும் இடங்களில் ஒன்று, மேலே சொன்ன புள்ளிக்கோலச் செல்கள் இருக்கும் அதே எண்டோரைனல் கார்டெக்ஸ். அதனால்தான் சிலருக்குப் பெயர் மறப்பதற்கு முன்பே வழி மறக்கிறது. கேம்பிரிட்ஜில் 2019-இல் ஒரு சோதனை செய்தார்கள். கண்ணில் வி.ஆர். கருவியை மாட்டி, கொஞ்சம் நடக்கவைத்து, கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வரச் சொன்னார்கள். லேசான மறதி உள்ளவர்களில் அல்சைமர் அடையாளங்கள் இருந்தவர்களை அடையாளங்கள் இல்லாதவர்களிடமிருந்து அது நன்றாகவே பிரித்துக் காட்டியது.

ஆனால் அல்சைமர் என்று நீங்களாக முடிவு கட்டவும் வேண்டாம். பி12 குறைவு, தைராய்டு, சிறுநீர்த் தொற்று, தூக்க மாத்திரை, மன அழுத்தம் இவற்றிலும் முதியவர்கள் இப்படி நின்றுவிடுவதுண்டு, இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அவர் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எப்போது, எந்த இடத்தில், எத்தனை நேரம் நின்றார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள், அது மருத்துவருக்கு உதவும். இன்னொன்று முக்கியம். திடீரென்று ஒரே நாளில் திசை தெரியாமல் போனால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது, அது பக்கவாதமாக இருக்கலாம். ஜப்பானில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு மூளையின் பின்பக்க உட்பகுதியில் ரத்தம் கசிந்தபோது, சுற்றியிருந்த கட்டடங்கள் எல்லாம் அடையாளம் தெரிந்தும் எந்தப் பக்கம் போவது என்று மட்டும் தெரியாமல் போயிற்று.

அதுவரை கோயிலுக்குத் தடை போட வேண்டாம், கூட ஒருவர் போகட்டும். சட்டைப் பையில் முகவரியும் உங்கள் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். முடிந்தவரை வீடு மாற்றாதீர்கள், கட்டிலையும் பீரோவையும் இடம் மாற்றாதீர்கள்.

"எனக்குப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான். படிப்பு, வேலை எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் குடியிருக்கும் காலனிக்குள்ளேயே தொலைந்துபோகிறேன். வெளியே சொல்லவும் வெட்கம்." – வங்கி ஊழியர், நாகர்கோவில்

இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது, வளர்ச்சிசார் திசைக்குழப்பம் எனலாம். 2009-இல் ஜூசெப்பே இயாரியா என்ற ஆராய்ச்சியாளர் கனடாவில் முதலில் விவரித்தவர் ஒரு 43 வயதுப் பெண். மூளையில் அடி இல்லை, ஸ்கேனில் பழுது இல்லை, அறிவிலும் குறை இல்லை. ஆபீஸுக்குப் போக வழக்கமான பஸ்ஸில் ஏறி, ஒரு குறிப்பிட்ட சதுக்கம் தெரிந்ததும் இறங்கி, அங்கிருந்து நேராகக் கொஞ்ச தூரம் நடந்தால் உயரமான ஆபீஸ் கட்டடம் தெரியும் என்று கோர்வையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஆபீஸ் இடம் மாறப்போகிறது என்றதும்தான் பயந்துபோய் உதவி கேட்டு வந்தார். ஊரின் அமைப்பை மனதில் கட்டும் பயிற்சியை ஸ்கேனருக்குள் செய்யச் சொன்னபோது, மற்றவர்களுக்கு உயிர்பெறும் ஹிப்போகாம்பஸ் அவருக்கு அசையவில்லை. அந்தக் கட்டுரை வந்த பிறகு, நானும் இப்படித்தான் என்று பல நாடுகளிலிருந்து ஆட்கள் கிளம்பி வந்தார்கள்.

ஆகவே நீங்கள் தனி ஆள் இல்லை, கவனக்குறைவும் இல்லை. காலனிக்குள் வழி பழக உங்களுக்கு வேண்டியது கோர்வைதான். கேட்டிலிருந்து உங்கள் பிளாக் வரை ஒவ்வொரு திருப்பத்துக்கும் நகராத ஓர் அடையாளத்தைப் பிடித்து, வரிசையாக எழுதி, திரும்பி வரும் வழியைத் தனியாக இன்னொரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். போகும்போது வலப்பக்கம் தெரிந்த தண்ணீர்த் தொட்டி வரும்போது இடப்பக்கம் இருக்கும், பலரும் சறுக்குவது அங்கேதான். நிறுத்தி வைத்த காரையும் பெட்டிக்கடையின் கலர்க் குடையையும் அடையாளமாக வைக்க வேண்டாம்.